சேர்ந்திசை வளர்த்த சீனிவாசன்

நம் கருநாடக இசை பெரும்பாலும் தனிக்குரலின் கலையாகும். பாடசாலையிலே நாம் கூடிப் பாடும் தேவாரத்திலும் எல்லாக் குரல்களும் ஒரே மெட்டினையே தொடரும். வெவ்வேறு மெட்டுகள் ஒருங்கொலித்து இயையும் மேனாட்டுச் சேர்ந்திசை முறையைத் தமிழ்ப்பாட்டுக்கு உரியதாக்க முயன்றோருள் முதன்மையானவர் எம். பி. சீனிவாசன் (1925–1988).

'பாதை தெரியுது பார்' (1960) என்னும் படத்துக்கு இசையமைத்த இவர், மலையாளத் திரையுலகிலே பெரும்புகழ் எய்தினார். யேசுதாசைத் திரைப்படத்துக்கு முதன்முதலிற் பாடவைத்தவரும் இவரே. திரையிசைக் கலைஞர்க்குச் சங்கம் அமைத்து, அவர்தம் உரிமைக்கும் உழைத்தார். ஆயினும் இவர்தம் நிலைத்த தொண்டு சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவே எனலாம். அக்குழுவுக்காகப் பாரதியார் பாடல்களைப் பலகுரலுக்கு ஏற்ப வகுத்தமைத்தார். முறையான இசைப்பயிற்சி இல்லாதாரும் கூடிப் பாடலாம் என்பது இவர் துணிபு.

குரல் பொருந்தாத மாணவரைப் பின்வரிசையில் நிறுத்தி, வாய்மூடி நிற்கச் சொன்ன ஆசிரியருள் யானும் ஒருவன். சேர்ந்திசையிலோ தாழ்ந்த குரலுக்கும் தனக்கென ஒரு மெட்டு உண்டு. அஃதின்றேல் பாட்டு நிறைவுறாது. இவ்வுண்மையை யான் காலந்தாழ்த்தியே கற்றேன்.