கம்பியில்லா வலையும் அதன் பூட்டும்

வீட்டுக் கம்பியில்லா வலையில் மடிக்கணினி சேர மறுத்தால், கடவுச்சொல்லைத் தவறாக அடித்துவிட்டோம் என்றே எவரும் எண்ணுவர். சொல் சரியாயிருந்தும் கதவு திறவாத காலம் ஒன்று இருந்தது.

1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட 802.11 என்னும் தரத்தோடு பிறந்தது 'வெப்' என்னும் பூட்டு. அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் அதன் திறவுகோல் 40 பிட்டுக்குள் அடங்கிற்று. 104 பிட்டுத் திறவுகோல் பின்னர் வந்தது. 40 பிட்டாவது, பதினாறடிமான எண்முறையில் பத்து இலக்கம். அவற்றை நினைவிற் கொள்வது அரிதாகையால், ஒரு சொல்லைக் கொடுத்தால் கருவியே இலக்கங்களை ஆக்கிக்கொள்ளுமாறு உற்பத்தியாளர் செய்தனர். ஆக்கும் முறையைத் தரம் வரையறுக்கவில்லை. பூட்டுச் செய்தவர் சாவி வெட்டும் முறையைச் சொல்லாது விட்டது பெரும்பிழையே. ஒரே சொல்லிலிருந்து திசைவி ஒரு வரிசையையும், வேறு நிறுவனத்தின் கணினி மற்றொரு வரிசையையும் பெற்றன. திசைவி காட்டிய பத்து இலக்கங்களை அப்படியே அடித்தவர் உள்ளே புகுந்தனர். அது அறியாதார் சிலர் பூட்டையே கழற்றி வைத்தனர். அண்டை வீட்டாருக்கும் வலை திறந்தது.

கழற்றாதவருக்கும் காவல் நிலைக்கவில்லை. காற்றில் செல்லும் செய்திப் பொதிகளைத் திரட்டியே வெப் திறவுகோலைக் கண்டுவிடலாம் என்று ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் 2001இல் காட்டினர். 2003இல் டபிள்யூபிஏ, 2004இல் டபிள்யூபிஏ2 எனப் புதுப்பூட்டுகள் வந்தன. இப்போது தொல்லை வேறு வகையாயிற்று: பழைய கணினிக்குப் புதுப்பூட்டே தெரியாது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு டபிள்யூபிஏ2 கற்பிக்கும் திருத்தம் 2005இல்தான் கிடைத்தது. 2018இல் டபிள்யூபிஏ3 வந்தபோது, பழையதையும் புதியதையும் ஒருங்கே ஏற்கும் கலப்பு முறையும் உடன் வந்தது.