உரிமை மருந்துக்கா, உயிருக்கா?



"1994-ல் மராகேஷில் கையெழுத்துப் போட்டோம், அன்றைக்கே நம் கை கட்டப்பட்டுவிட்டது" என்றார் எதிரணி நண்பர். கையெழுத்துப் போட்டது நிஜம். கை கட்டப்பட்டதா?

1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005-ல் மருந்துக்கே காப்புரிமை வந்தது. ஆனா, நம்ம பாராளுமன்றம் மூன்றாம் பிரிவில் ஒரு பூட்டுப் போட்டது: தெரிந்த மருந்தை உருமாற்றிக் கொண்டுவந்தால், குணமாக்கும் திறன் கூடியிருக்க வேண்டும். நேத்து வச்ச சாம்பார்ல கொத்தமல்லியைத் தூவிட்டு, "புதுக் குழம்பு"ன்னா வீட்டுல ஒத்துக்குவாங்களா?

ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி காப்புரிமை கேட்டது. அவர்கள் விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் கொடுத்ததோ சுமார் 10,000 ரூபாய்க்கு! அம்பத்தூர் தொழிற்பேட்டையில லேத் ஓட்டுறவர் எதை வாங்குவார்? 2006-ல் மறுத்தது யார்? நம்ம சென்னைக் காப்புரிமை அலுவலகம்! அந்தப் பிரிவை எதிர்த்த வழக்கை 2007-ல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் 'காப்புரிமை இல்லை' என்றது.

ஆராய்ச்சி செஞ்சவனுக்குக் கூலி வேண்டாமா? வேணும். புதுசா கண்டுபிடிச்சா 20 வருஷம் அனுபவிக்கட்டும். எது புதுசுன்னு அளக்கிற கோலை ஒப்பந்தம் நம்மகிட்டதான் விட்டிருக்கு. கையெழுத்துப் போட்ட கைதான் அந்தக் கோலையும் பிடிச்சுது!