கடல் மணத்தின் கதை



கடல் கண்ணுக்குத் தெரியுமுன்பே அதன் மணம் நம்மை எதிர்கொள்கிறதல்லவா? அம்மணம் யாது என்று அறிய அறிஞர்க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1840ஆம் ஆண்டில், பாசல் நகரத்துப் பேராசிரியர் ஷோன்பைன் ஒரு புதிய வாயுவுக்கு ஓசோன் என்று பெயரிட்டார். அது காற்றைத் தூய்மை செய்யும் என்னும் எண்ணம் இங்கிலாந்தில் வேரூன்றிற்று. நோயாளிகளைக் கடற்கரைக்கு அனுப்பிய மருத்துவர் பலர், அங்கு வீசுவது ஓசோனே என்றனர். நானும் பள்ளி நாளில் அவ்வாறே கற்று, நெடுங்காலம் நம்பியிருந்தேன். மிகுந்த ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கு என்பதைப் பிறகே அறிந்தேன்.

உண்மையின் முதல் நுனி பாசியிற் கிட்டியது. 1935இல் பால் ஹாஸ் என்னும் ஆராய்ச்சியாளர், செந்நிறக் கடற்பாசி ஒன்றிலிருந்து டைமெத்தில் சல்பைடு என்னும் கந்தக வாயு எழக் கண்டார். அதைப் பிறப்பிக்கும் மூலப்பொருளை 1948இல் சாலஞ்சரும் சிம்ப்சனும் இனங்கண்டனர். கடலாராய்ச்சியிற் புகழ்பெற்ற பழைய கப்பலொன்றின் பெயரும் சாலஞ்சர் என்பது இனியதோர் ஒற்றுமை!

ஆயினும் இதன் பெருமையை எவரும் உணரவில்லை. ஆறுகள் நிலத்துக் கந்தகத்தை ஓயாது கடலிற் சேர்க்கின்றன. அது நிலத்துக்கு மீள்வது எங்ஙனம்? அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடாக மீள்கிறது என்றே அறிஞர் கருதினர். நடுக்கடலில் அந்நாற்றத்தை எந்த மாலுமி முகர்ந்தான்? பிராணவாயு கலந்த மேல்நீரில் அது நெடுநேரம் நில்லாதே! ஜேம்ஸ் லவ்லாக் இதனை ஐயுற்றார். ஷேக்கில்டன் என்னும் கப்பலில் தென்துருவக் கடல்வரை சென்று, வழிநெடுகக் கடல்நீரை ஆராய்ந்தார். பாசியின் வாயு நீரெங்கும் இருந்தது. 1972இல் அவரும் துணைவரும் அதை வெளியிட்டனர்.

அவ்வாயு மேலெழும் முறை எளியது. நுண்ணிய பாசிகள் உப்பின் கடுமையைத் தாங்க அம்மூலப்பொருளைத் தம்முள் வைத்திருக்கின்றன. அவை மடியும்போதோ இரையாகும்போதோ அப்பொருள் நீரிற் கசிய, நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து வாயுவாக்குகின்றன. நீரில் மிகுதி, காற்றிற் குறைவு. ஆதலின் வாயு மேல்நோக்கியே செல்லும். காற்று வலுத்து அலை கலங்கினால் இன்னும் விரையும். வானில் அது கந்தகத் துகளாகி, முகில்துளிக்குக் கருவாகவும் அமையும்.

2007இல், நார்விச் நகரத்து ஆராய்ச்சியாளர் நார்ஃபோக் கடலோரச் சதுப்புச் சேற்றிலிருந்து ஒரு நுண்ணுயிரை வளர்த்து, இவ்வாயுவை ஆக்கும் மரபணுவைக் கண்டெடுத்தனர். அச்சேற்றை அள்ளியபோதும் அவர்கள் நாசியில் ஏறியது அதே மணமாகத்தான் இருந்திருக்கும்.