ஆளில்லாத தீவும் ஆள் திரும்பிய தீவும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் சிலர், கோடை விடுமுறை வந்தாலே ஏதாவது ஒரு தீவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சாந்தோரினியின் வெள்ளை வீடுகள், மதீராவின் மலைப்பாதைகள் என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிகின்றன. போன வாரம் ஒரு மாணவி, "சார், இயற்கை அழகும் இருக்கணும், கொஞ்சம் சாகசமும் இருக்கணும். அப்படி ஒரு தீவு சொல்லுங்க" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பாஸ்போர்ட்டே எடுக்காத ஆளிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவன் சும்மா இருக்க முடியுமா? ஒன்றல்ல, இரண்டு தீவுகள் சொல்கிறேன். இரண்டும் செங்குத்துப் பாறைகளும் கடற்பறவைகளும் நிறைந்தவை. இரண்டிலும் மக்கள் ஒருநாள் ஊரையே காலி செய்து கப்பலேறினார்கள். ஒரு தீவுக்குத் திரும்பி வந்தார்கள். இன்னொன்றுக்கு வரவே இல்லை. ஏன் என்பதுதான் இன்றைய பாடம்.

முதல் தீவு செயின்ட் கில்டா. மெல்போர்னில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் கடற்கரையும் டிராமும் நினைவுக்கு வரும். அந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது 'லேடி ஆஃப் செயின்ட் கில்டா' என்ற கப்பலால். அந்தக் கப்பலின் பெயரில் இருப்பது ஸ்காட்லாந்தின் இந்தத் தீவுக்கூட்டம். வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் மேற்கே, அட்லாண்டிக்கின் நடுவில் சுமார் 64 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. அதில் மக்கள் வாழ்ந்த பெரிய தீவு ஹிர்டா. அங்கே கோனகெர் என்ற மலை 430 மீட்டர் உயரம். அதன் ஒரு பக்கம் அப்படியே வெட்டிவிட்டது போலக் கடலில் இறங்குகிறது. பிரிட்டனில் இதைவிட உயரமான கடற்பாறைச் சுவர் கிடையாது.

அந்தச் சுவரில்தான் அவர்களுடைய சாப்பாடு இருந்தது. ஃபுல்மர், கேனெட், பஃபின் ஆகிய கடற்பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் கயிற்றில் தொங்கியபடி, வெறுங்காலோடு பாறையில் ஏறி எடுத்தார்கள். கறி உணவுக்கு, எண்ணெய் விளக்குக்கு, இறகு வாடகைக்கு. ஆம், தீவு அவர்களுடையது அல்ல. மக்ளவுட் என்ற நிலவுடைமைக் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்களுடைய காரியஸ்தர் கப்பலில் வந்து இறகும் எண்ணெயும் கம்பளித் துணியும் வாடகையாக வாங்கிப் போவார். பறவைக்கறியைக் காற்றில் உலர்த்திச் சேமிக்கக் கல்லால் கட்டிய சிறு குடில்கள் ஹிர்டாவில் மட்டும் 1,200-க்கு மேல் இன்னும் நிற்கின்றன. தினமும் காலையில் ஆண்கள் தெருவில் கூடி, அன்றைக்கு என்ன வேலை என்று பேசி முடிவெடுப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் செயின்ட் கில்டா பார்லிமென்ட்.

சாகசம் கேட்டாயே, இதோ ஒன்று. 1727-இல் மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் பறவை பிடிப்பதற்காக ஸ்டாக் அன் ஆர்மின் என்ற 196 மீட்டர் உயரப் பாறையில் இறக்கிவிடப்பட்டார்கள். சில நாளில் படகு வந்து அழைத்துப் போக வேண்டும். வரவில்லை. ஊரில் பெரியம்மை பரவி, படகு வலிக்க ஆளில்லாமல் போய்விட்டது. அந்தப் பதினொரு பேரும் பறவையும் மீனும் தின்று, ஒரு முழுக் குளிர்காலத்தை அந்தப் பாறையிலேயே கழித்தார்கள். ஒன்பது மாதம் கழித்து மீட்கப்பட்டபோது பதினொரு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஊரில்தான் பெரும்பாலோர் இல்லை.

துணிச்சலில் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. ஊருக்கு முன்னால் ஒரு விரிகுடா உண்டு. ஆனால் அது தென்கிழக்குக் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. பெரிய படகைப் பத்திரமாக நிறுத்தி வைக்கத் துறைமுகம் இல்லை. அலை அடித்தால் யாரும் இறங்க முடியாது, யாரும் ஏற முடியாது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தொடர்பே இருக்காது. 1877-இல் கரை ஒதுங்கிய ஆஸ்திரியக் கப்பல் மாலுமிகள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். அப்போது அங்கே தங்கியிருந்த ஜான் சாண்ட்ஸ் என்ற பத்திரிகையாளர், மிதவையில் ஒரு புட்டியைக் கட்டி, அதற்குள் கடிதம் வைத்துக் கடலில் விட்டார். ஒன்பது நாளில் அது ஆர்க்னி தீவில் போய்ச் சேர்ந்தது. கப்பல் வந்து மாலுமிகளை மீட்டது. அதன் பிறகு ஊர்க்காரர்களும் படகு போலச் செதுக்கிய மரத்துண்டில் கடிதத்தை வைத்து, ஆட்டின் சிறுநீர்ப்பையை ஊதி மிதவையாகக் கட்டிக் கடலில் விடத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அதுதான் தபால் நிலையம்.

சுற்றுலா நீராவிக் கப்பல்களும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன. வந்தவர்கள் பாறையைப் பார்த்தார்கள், பறவையைப் பார்த்தார்கள், அங்கே வாழ்ந்த மனிதர்களையும் வேடிக்கை பார்த்தார்கள். கம்பளித் துணி வாங்கிப் பணம் கொடுத்தார்கள். கோடை முடிந்ததும் கப்பல் நின்றுவிடும். மருத்துவரும் இல்லை, தபாலும் இல்லை.

இளைஞர்கள் போகத் தொடங்கினார்கள். 1852-இலேயே 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் வழியிலேயே இறந்தார்கள். முதல் உலகப்போரில் கடற்படையினர் வந்து கம்பியில்லாத் தந்தி நிலையம் வைத்தார்கள். 1918 மே மாதம் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதைக் குண்டு வீசித் தகர்த்தது. மனித உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் போர்க்காலத்தில் வெளியுலகத்தோடு கிடைத்த அன்றாடத் தொடர்பு, போர் முடிந்ததும் அறுந்தது. அந்த ருசி கண்ட இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். படகு வலிக்கவும் கயிறு பிடிக்கவும் ஆள் போதவில்லை. 1930 தொடக்கத்தில் ஓர் இளம்பெண் நோயுற்று, கிளாஸ்கோ மருத்துவமனையில் இறந்தது ஊரின் மனதை உடைத்துவிட்டது. அந்த மே மாதம் அவர்களே அரசுக்கு மனு எழுதினார்கள், எங்களை இங்கிருந்து அழைத்துச் செல்லுங்கள் என்று.

1930 ஆகஸ்ட் 29. மீதமிருந்த 36 பேரும் ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறினார்கள். போகும் முன் ஒவ்வொரு வீட்டிலும் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸ் தானியமும் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நாய்களைக் கொண்டு போக வழியில்லாமல் கடலில் மூழ்கடித்தார்கள். இந்த வரியைப் படித்த அன்று என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. மரமே இல்லாத தீவில் பிறந்த அந்த ஆண்களில் பலருக்கு அரசு கொடுத்த வேலை என்ன தெரியுமா? வனத்துறையில் மரம் நடுவது.

இன்னொரு சிறு செய்தி. ஹிர்டாவின் வீடுகளில் மட்டும் வாழ்ந்த ஒரு தனி வகை எலி இருந்தது. மனிதர்கள் போன சில வருடங்களில் அதுவும் அடியோடு அழிந்துபோனது.

இரண்டாவது தீவு ஐஸ்லாந்தின் தெற்கே இருக்கும் ஹெய்மேய். வெஸ்ட்மன் தீவுக்கூட்டத்தில் மக்கள் வாழும் தீவு இது ஒன்றுதான். இங்கும் பாறைச் சுவர், இங்கும் பஃபின், இங்கும் கயிற்றில் தொங்கி முட்டை எடுக்கும் பழக்கம். துன்பத்திலும் குறைவில்லை. 1627-இல் அல்ஜியர்ஸிலிருந்து வந்த கடற்கொள்ளையர்கள் இந்தத் தீவிலிருந்து 242 பேரைப் பிடித்துப் போய் அடிமைகளாக விற்றார்கள். மிகச் சிலரே பல வருடம் கழித்து மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள்.

இரண்டு தீவுகளையும் ஒரே நோய் வாட்டியது. பிறந்த குழந்தைகள் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ரணஜன்னி கண்டு இறந்தன. பிறந்தவற்றில் பாதிக்கு மேல் இப்படிப் போனது. டென்மார்க் அரசு 1847-இல் ஷ்லைஸ்னர் என்ற மருத்துவரை ஹெய்மேய்க்கு அனுப்பியது. அவர் ஒரு பிரசவ விடுதி அமைத்து, தொப்புள்கொடிப் பராமரிப்பைச் சீர்செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. செயின்ட் கில்டாவில் அதே நோய் நின்றது 1890-களில். இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில் மண்ணுக்குப் போன பிஞ்சுகளை நினைத்துப் பாருங்கள். உதவி ஒரு தீவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது, இன்னொன்றுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

ஹெய்மேய்க்கு என்ன இருந்தது? துறைமுகம். ஐஸ்லாந்தின் தென்கரை நெடுக மணல்வெளி. கப்பல் ஒதுங்க இயற்கையான இடம் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கும் ஒரே துறைமுகம் இந்தத் தீவில் இருந்தது. அதனால் நாட்டின் முக்கியமான மீன்பிடி ஊராக வளர்ந்தது. படகும் பிழைப்பும் ஊர்க்காரர் கையில்.

1973 ஜனவரி 23, அதிகாலை இரண்டு மணி சுமார். ஊரின் கிழக்கு ஓரத்தில் நிலம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பிளந்து நெருப்பைக் கக்கியது. ஊரில் ஏறக்குறைய 5,300 பேர். முந்தின நாள் புயல் என்பதால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றிருந்தன. சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஊர் முழுவதும் அந்தப் படகுகளில் ஏறி அக்கரை போய்ச் சேர்ந்தது. அந்த எரிமலையில் இறந்தவர் ஒரே ஒருவர். அதுவும் பின்னர், நச்சுவாயுவால். ஆனால் சுமார் 400 வீடுகள் எரிமலைக் குழம்பிலும் சாம்பலிலும் போயின.

குழம்பு அடுத்து நகர்ந்தது துறைமுக வாயை நோக்கி. அது அடைபட்டால் வீடுகள் தப்பினாலும் ஊர் முடிந்தது. மீன்பிடிப் படகு உள்ளே வர முடியாத ஊரில் யார் இருப்பார்கள்? தோர்ப்யோர்ன் சிகுர்கெய்ர்சன் என்ற இயற்பியல் அறிஞர் ஒரு யோசனை சொன்னார்: கடல்நீரைப் பீய்ச்சி நெருப்புக் குழம்பைக் குளிரவைத்து, முன்பக்கம் சுவர் போல இறுகச் செய்வோம். கேட்டவர்களில் பலர் கேலி செய்தார்கள். அவர்கள் விடவில்லை. அமெரிக்காவிலிருந்து சக்திவாய்ந்த பம்புகள் வந்தன. இன்னும் சூடாறாத குழம்பின் மேலேயே நடந்து குழாய் பதித்தார்கள். மொத்தம் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் கடல்நீர் பாய்ச்சப்பட்டது. ஜூலை தொடக்கத்தில் எரிமலை ஓய்ந்தது. தீவு சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர் பெரிதாகியிருந்தது. துறைமுகமோ அடைபடவில்லை, புதிய பாறை ஒரு பக்கம் அரணாக நின்றதால் முன்பைவிடப் பாதுகாப்பானது.

மக்கள் திரும்பினார்கள். எல்லோரும் அல்ல, பெரும்பாலோர். சாம்பலை அள்ளி விமான ஓடுதளத்தை நீட்டினார்கள். ஆறாத குழம்பின் சூட்டைக் குழாயில் எடுத்துப் பல ஆண்டுகள் வீடுகளைச் சூடாக்கிக்கொண்டார்கள். இன்று அங்கே நாலாயிரத்துக்கு மேல் மக்கள் வாழ்கிறார்கள். சாம்பலில் புதைந்த ஒரு வீட்டைத் தோண்டியெடுத்து, அதைச் சுற்றி ஓர் அருங்காட்சியகமே கட்டியிருக்கிறார்கள்.

தூரம் ஒரு காரணம் இல்லையா சார் என்று கேட்பீர்கள். உண்டு. ஹெய்மேய் அக்கரைக்குப் பக்கம். ஆட்களும் பல மடங்கு. ஆனால் நான் யோசித்துப் பார்த்ததில், அழகான மலையும் துணிச்சலான மனிதர்களும் இருந்தால் மட்டும் ஓர் ஊர் நிலைக்காது. வெளியே போகவும் உள்ளே வரவும் வழி வேண்டும். பிழைப்பு அந்த ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டும். ஆபத்து வந்தால் ஓடிவந்து உதவ ஓர் அரசு வேண்டும். ஹெய்மேய் அழிவின் விளிம்புக்குப் போனது ஒரே இரவில், ஊர் பிழைத்தது. செயின்ட் கில்டாவில் எந்த எரிமலையும் வெடிக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று குறைந்தே ஊர் முடிந்தது. மெதுவாக வரும் கேட்டுக்கு யாரும் பம்பு அனுப்புவதில்லை.

சரி, பயணம் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. செயின்ட் கில்டாவுக்குக் கோடையில் ஹாரிஸ், ஸ்கை தீவுகளிலிருந்து படகு உண்டு. கடல் மனசு வைத்தால்தான் இறங்க முடியும்; அதனால் கையில் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை, பண்பாடு இரண்டுக்காகவும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மிகச் சில இடங்களில் அது ஒன்று. பாறையைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். அந்த ஒற்றைத் தெருவில் மெதுவாக நடங்கள். தேவாலயத்தை ஒட்டி இருக்கும் சின்னப் பள்ளிக்கூட அறையை எனக்காக ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஹெய்மேயில் எல்ட்ஃபெல் எரிமலை மேல் ஏறலாம். பாறையில் கயிறு கட்டி ஊஞ்சலாடித் தாவும் விளையாட்டை அங்கே சிறு பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்; பாட்டன்மார் முட்டை எடுக்கக் கற்ற வித்தை அது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போனால் இன்னொரு காட்சி. பஃபின் குஞ்சுகள் ஊர் வெளிச்சத்தில் வழி தவறித் தெருவில் வந்து விழும். பிள்ளைகள் இரவெல்லாம் அட்டைப் பெட்டியோடு அலைந்து அவற்றைப் பொறுக்கி, மறுநாள் காலையில் கடல் பக்கம் கொண்டுபோய்ப் பறக்க விடுவார்கள். பிள்ளைகள் இருக்கிற ஊரில்தான் இது நடக்கும்.

வீட்டுப்பாடம்: உலக வரைபடத்தை எடுத்து இரண்டு தீவையும் கண்டுபிடித்துக் குறியுங்கள். கண்டுபிடித்தவர்கள் கீழே 'ஆஜர் சார்' என்று எழுதவும். கூகுள் மேப் பார்த்தாலும் பரவாயில்லை, மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் ஆசிரியர்