மலைப்பள்ளியும் பயிற்றுமுறைக் கல்வியும்

பயிற்றுமுறை என்பது பல்கலைக்கழகத்தில் பிறந்து பள்ளிக்கு வந்தது என்று கருதுவோர் பலர். வரலாறோ இதற்கு மாறாக உள்ளது. தமிழகத்தைப் பொறுத்தவரை, அது பள்ளியிற் பிறந்து, கடல் கடந்து சென்று, பல்கலைக்கழகத் துறையாய்த் திரும்பி வந்தது. அங்ஙனம் வருங்கால் எதனை விட்டுவிட்டு வந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய வளப்பூர் நாட்டை உரைகல்லாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

வளப்பூர் நாட்டில் உள்ளது அறப்பளீசுவரர் திருக்கோயில். அவ்விறைவனை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றியதே அறப்பளீசுர சதகம். பழைய திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் மனப்பாடமாக ஓதிய நூல்களுள் நீதிச் சதகங்களும் உண்டு என்பதை அறிஞர் அறிவர். எனவே, மலைமேல் உறையும் இறைவன் பெயர் சமவெளித் திண்ணைகளிற் பாடமாக ஒலித்தது. மலைமக்களுக்கு முறையான பள்ளி வாய்த்ததோ மிகப் பிந்தியே. 1913இல் கொல்லிமலைக்கு வந்து வாழவந்தி நாட்டில் தங்கிய சமயத்தொண்டர் ஜெசி பிராண்ட் 1929இல் மறையும்வரை ஆங்குப் பள்ளிகள் நடத்தினார் என்பதும், விடுதலைக்குப் பின் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளை நிறுவிற்று என்பதும் அம்மலையின் கல்வி வரலாற்றில் குறிக்கத்தக்க செய்திகள்.

இனித் திண்ணைப் பள்ளியின் அமைப்பை நோக்குவோம். ஆசிரியர் ஒருவர்; மாணாக்கர் பல வயதினர். மணலில் எழுத்துப் பழகுவான் ஒருவன். எண்சுவடி ஒப்பிப்பான் ஒருவன். ஓலையில் எழுதுவான் மற்றொருவன். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோரை மேற்பார்ப்பான். வகுப்பு என்ற பிரிவு இல்லை. ஒவ்வொருவனும் தன்தன் படியில் ஏறினான். மனப்பாடத்தின் மிகையும் தண்டனையின் கொடுமையும் இம்முறையின் குறைகள் என்பதையும், அது எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒருங்கே திறந்திருந்ததன்று என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஓர் ஆசிரியர் பல நிலையினரை ஒரே வேளையிற் கற்பிக்கும் வழியை அது கண்டிருந்தது.

சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளை அனாதை விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளி ஒன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையையும் ஆங்கு வளர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. மணலெழுத்தைக் கண்டு கொண்டமையைப் பெல்லே ஒப்புகின்றார். சட்டாம்பிள்ளை முறையையும் திண்ணையினின்றே கொண்டார் என்பது பொருந்தும் ஊகமேயன்றி நிறுவப்பட்ட முடிபன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறுதலே ஆராய்ச்சிக்கு அழகு.

1832இல் மறைந்த பெல் விட்டுச்சென்ற செல்வத்தினின்று 1876இல் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய பல்கலைக்கழகங்களிற் கல்வியியற் பேராசிரியப் பதவிகள் நிறுவப்பெற்றன. பிரித்தானியாவிற் கல்வியியலுக்கு அமைந்த முதற் பேராசிரியப் பதவிகள் இவையே. பத்தாண்டு கழித்து, 1886இல், சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. என்னும் ஆசிரியப் பட்டத்தை ஏற்படுத்திற்று. 1856இல் அரசு தொடங்கிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியே வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாகி அப்பட்டத்திற்கு உரியோரைப் பயிற்றியது. பிற்காலத்தே பி.டி. எனவும் பி.எட். எனவும் பட்டத்தின் பெயர் மாறினும், கோட்பாடு ஒருபால், கற்பித்தற் பயிற்சி ஒருபால் என்னும் அமைப்பு மாறிற்றிலது.

இங்கேதான் பிளவு நேர்ந்தது. சர் தாமஸ் மன்றோ தம் 1826ஆம் ஆண்டுக் குறிப்பில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணாக்கர் பயில்வதாகக் காட்டி, ஆசிரியரின் பயிற்சிக் குறைவையும் ஊதியக் குறைவையும் ஒருங்கே சுட்டினார். அவர் எண்ணியது நாட்டுப்புறத்துத் தொடக்கக் கல்வியையும் தழுவியது. எல்.டி. பட்டமோ உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்க்கு உரியதாயிற்று. தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குப் பல்கலைக்கழகத் தொடர்பில்லாத தனிப் பயிற்சிப் பள்ளிகள் அமைந்தன. இதன் விளைவு யாது? பல்கலைக்கழகம் வளர்த்த பயிற்றுமுறை, ஒரு பாடம், ஒரு வகுப்பு, ஒரு பாடவேளை என்ற அளவில் பாடத்திட்டம் எழுதும் முறையாக ஒடுங்கிற்று. பல நிலையினரை ஒருங்கே கற்பிக்கும் கலை அதன் எல்லைக்கு வெளியே நின்றது.

ஆசிரியக் கல்வி பல்கலைக்கழகத்தினின்றும் பள்ளியினின்றும் ஒதுங்கி நிற்பதைக் கோத்தாரிக் குழு (1964-66) வெளிப்படையாகக் கண்டித்தது. 2015 முதல் பி.எட். ஈராண்டுப் படிப்பாகிப் பள்ளியுறை பயிற்சியும் இருபது வாரமாக விரிந்தது. எனினும், பி.எட். பட்டம் தொடக்கப்பள்ளி ஆசிரியப் பணிக்குத் தகுதியாகாது என 2023இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தமை, பழைய பிளவு இன்னும் மறையவில்லை என்பதற்குச் சான்றாகும்.

வளப்பூர் நாடு போன்ற இடத்தில் இப்பிளவின் பயன் தெளிவாகப் புலப்படும். சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலையிற் பள்ளி சிறிதாதல் இயல்பு. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமோ, அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியரையே வரையறுக்கின்றது. வகுப்புகள் ஐந்து, ஆசிரியர் இருவர். எனவே, பல வகுப்பினரை ஒருங்கே கற்பித்தல் அங்கே விதிவிலக்கன்று. சட்டமே வகுத்த நிலையாகும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தோன்றிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலியின் சிற்றூர்ப் பள்ளிகளில் உருவான பல்வகுப்பு முறையினின்று வளர்ந்தது என்பது நினைவுகூரத் தக்கது. மீண்டும் ஒருமுறை, முறை பள்ளியிற் பிறந்தது; பல்கலைக்கழகம் அதனைப் பின்னரே நோக்கிற்று.

ஆசிரியர் அனைவர்க்கும் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே குறைந்த அளவுத் தகுதியாதல் வேண்டும் என 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைத்தது. மாநிலங்கள் எவ்வழியைத் தேரினும், தொடக்கப்பள்ளிப் பயிற்சி பல்கலைக்கழகத்துள் வருமாயின், பல்வகுப்புக் கற்பித்தலும் உடன் வருதல் வேண்டும். அஃது ஓர் அலகாக மட்டும் அமையாது, மலைப்பள்ளியிலே தங்கிப் பெறும் பயிற்சியாக அமைதல் வேண்டும். மலையாளி மக்களின் தமிழ் வழக்கைப் பிழையென்று திருத்தாது, எழுத்துத் தமிழுக்கு அதனையே படியாகக் கொள்ளும் பழக்கமும் மாணவ ஆசிரியர்க்கு வேண்டும். இவ்விரண்டாவது பணியில் தமிழ்த் துறைகளுக்கும் பங்குண்டு. வட்டார வழக்கைத் தொகுப்போர் நம் துறையினர். அத்தொகுப்பு பயிற்சிக் கல்லூரியின் கைக்குச் சென்று சேர்தல் இன்றியமையாதது.

சென்னையின் பெயரால் உலகறிந்த முறை ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்கு அடங்கிக் கிடந்த மலையொன்றின் பள்ளிக்குப் பயன்படாது போயிற்று. இவ்வரலாற்றுக் குறையை நீக்குதல் இனிப் பாடத்திட்டம் வகுப்போர் கடன்.