தொடரும் தர்மம்: ஒரு மிஷனரிக் குடும்பத்தின் வரலாறும் நமது கடமையும்

ஒருவர் மரணித்ததும் அவருடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. மூன்று வழிகளில் மட்டும் நன்மை அவரைத் தேடி வந்துகொண்டேயிருக்கும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நிலைத்தோடும் தர்மம், பயன் தரும் கல்வி, பெற்றோருக்காக துஆக் கேட்கும் நல்ல பிள்ளை என்பனவே அவை. ஆனால் ஸதகத்துல் ஜாரியா எனும் இந்த நிலைத்தோடும் தர்மம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளிவாசலுக்கு ஒரு மாடி, தெருவுக்கு ஒரு கிணறு, சுவரில் ஒரு கல்வெட்டு. கல்வியும் அதை ஏந்திச் செல்லும் பிள்ளைகளும் வாய்க்காத கட்டடம் எத்தனை காலத்துக்குத் தர்மமாக நிற்கும்? இதற்கு விடை தேடுவோருக்கு, நம் மார்க்கத்தைச் சாராத ஆனால் நம் நாடான இலங்கையில் பணி தொடங்கிய ஒரு குடும்பத்தின் வரலாறு பெரிதும் உதவும்.

1819ஆம் ஆண்டு ஜூன் மாதம், நியூயோர்க்கில் நன்றாக நடந்துவந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு டாக்டர் ஜோன் ஸ்கடர் மனைவி ஹரியட்டுடனும் சிறு மகளுடனும் பொஸ்டனில் கப்பலேறினார். மகள் கல்கத்தாவில் இறந்துபோனாள். பெற்றோர் பயணத்தை நிறுத்தவில்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் குடியேறி, 1836இல் சென்னைக்கு மாறும்வரை இலங்கையிலேயே பணியாற்றினர். அவர்கள் வந்த நோக்கம் கிறிஸ்தவத்தைப் பரப்புவதே. மருந்தும் பிரசங்கமும் அவர்களுக்கு ஒரே பணியின் இரு பகுதிகள். இதை மறைத்து எழுதினால் வரலாறாகாது. நோக்கத்தில் உடன்பாடில்லை என்பதற்காக, அந்த உழைப்பால் விளைந்த நன்மையை மறுப்பதும் நீதியாகாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் படித்தவர் என்பதை அறிந்த நமது கிழக்குக் கரையோரத்துக்கு இது புதிய செய்தியல்ல.

ஜோன் ஸ்கடரின் புதல்வர் எழுவர் தந்தையின் வழியிலேயே தென்னிந்தியாவில் பணிசெய்தனர். அவர்களில் மூவர் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினர். சைலஸ் ஸ்கடர் 1866இல் இராணிப்பேட்டையில் வைத்தியசாலை தொடங்கினார். நான்கு தலைமுறைகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் மிஷன் பணிக்கு வந்தனர். ஆயினும் ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடாவின் காலத்தில்தான் இந்தத் தர்மம் முழு உருவம் பெற்றது.

ஐடா 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தை, யாழ்ப்பாண மண்ணில் பிறந்த இளைய ஜோன் ஸ்கடர். பஞ்சத்தில் குழந்தைகள் மடிவதைச் சிறுவயதில் கண்ட ஐடா, இந்தியாவில் வாழ்வதில்லை என்றே தீர்மானித்திருந்தார். தாய் நோயுற்றதால் திண்டிவனம் வந்து தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூவர் அவரைத் தேடி வந்தனர். முதலில் ஒரு பிராமணர், அடுத்து ஒரு முஸ்லிம், பின்னர் இன்னொரு இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் கிடந்தனர். ஐடா தனக்கு வைத்தியம் தெரியாது என்றும் தன் தந்தை வைத்தியர் என்றும் சொன்னார். அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்க்க அம்மூவரில் எவரும் இணங்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா அமெரிக்கா திரும்பி, கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் நன்கொடையாளர் ஒருவரின் மனைவி பெயரால் மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை எழுந்தது.

அத்தோடு நின்றிருந்தால் அது இன்னொரு வெள்ளைக்காரரின் வைத்தியசாலை. ஒரு பெண் வைத்தியர் எத்தனை வீட்டுப் படியேற முடியும்? 1909இல் தாதியர் பயிற்சிப் பாடசாலையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையும் தொடங்கினார். மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்று ஓர் அதிகாரி எள்ளினார், வந்தவை 151. 1922இல் முதல் அணியில் பரீட்சை எழுதிய 14 பெண்களும் சித்தியடைந்தனர். 1847இல் இலங்கை வந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கியதற்குப் பின்னாலும், உள்ளூரவரையே வைத்தியராக்கும் இதே சிந்தனைதான் இருந்தது. ஐடாவின் மருத்துவப் பாடசாலை வளர்ந்து உருவான வேலூர்க் கல்லூரியின் இயக்குநர் பொறுப்பு பின்னர் விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸிடம் வந்தது. ஐடா 1960இல் கொடைக்கானலில் காலமானார். வைத்தியசாலை இன்றும் இயங்குகிறது. அதை நடத்த ஸ்கடர் பெயர் கொண்டவர் தேவைப்படவில்லை.

திண்டிவனத்து முஸ்லிம் கணவரை இன்று குறை சொல்வது எளிது. ஆனால் அவருடைய கூச்சத்துக்கு ஈடான ஏற்பாட்டைச் செய்யாதது சமூகத்தின் குற்றம். இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா என்ற நூலில் மருத்துவத்தை பர்ளு கிபாயாவாக எண்ணுகிறார். ஊரில் சிலரேனும் அதைக் கற்றால் எல்லோருடைய கடமையும் நீங்கும். எவரும் கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். பல ஊர்களில் முஸ்லிமல்லாத வைத்தியர் மட்டுமே இருக்க, கற்றவர்கள் பிக்ஹுச் சட்டத்தை நோக்கியே திரள்கிறார்களே என்று அவர் வருந்தினார். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்த வெற்றிடத்தைத்தான் ஒரு அமெரிக்கக் குடும்பம் நிரப்பியது.

ஏற்பாடில்லாத தர்மத்துக்கு நம் மண்ணிலும் சான்றுண்டு. 2004 டிசம்பர் 26இல் சுனாமியாக எழுந்த கடல் நம் ஊரான மருதமுனையையும் விழுங்கியது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உலகம் அள்ளிக் கொடுத்தது. அந்த உதவி பசி தீர்த்தது, கூரை தந்தது. அதே வேளை அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நன்கொடையில் எழுந்த 500 வீடுகள், யாருக்குப் பங்கிடுவது என்ற பிணக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. கொடுத்தவரின் நிய்யத்தில் பழுதில்லை. பெறுவோரோடு சேர்ந்து பொறுப்பைத் திட்டமிடாத தர்மத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

தறிச்சத்தத்தில் வளர்ந்த மருதமுனைப் பிள்ளைகள் பலர் இன்று வளைகுடாவிலும் மேற்கிலும் உழைக்கிறார்கள். கொடுக்கும் கை நம்மிடமும் உண்டு. ஊருக்கோ வேறொரு நாட்டு ஏழைகளுக்கோ ஒரு குடும்பம் வக்பு செய்ய நினைக்கும்போது, கல்வெட்டில் யார் பெயர் என்பதை விட, பத்தாண்டுக்குப் பின் இதை நடத்தப்போகிறவர் இப்போது எங்கே படிக்கிறார் என்று கேட்கட்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், முதல் செலவு ஒரு தாதி மாணவியின், ஒரு மருத்துவ மாணவியின் படிப்புக்கே ஆகட்டும். கட்டடத்தை அவர்கள் வந்த பிறகும் கட்டிக்கொள்ளலாம்.