உள்பரிசோதனைக்கு அஞ்ச வேண்டாம்

பிறவியிலேயே அதிரீனல் சுரப்பிக் கோளாறு உள்ளவள் நான். கோர்ட்டிசோல் போதியளவு சுரக்காமல் ஆண் ஓமோன்கள் மிகையாகும் நிலை இது. சிறுவயதில் என்னைப் பரிசோதிக்கும் அறையில் எப்போதும் கூட்டம். அனுமதி கேட்டவர் எவருமில்லை. அந்தப் பயத்தால், 35 வயதில் பப் பரிசோதனைக்கு அழைத்தபோது கண்டியிலேயே இருந்தும் போகவில்லை.

அது தவறு. எங்களுக்கும் கருப்பை உண்டு. தாம்பத்திய உறவில் இருப்பவர்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரலாம். 1996இல் இலங்கையில் ஆரம்பமான சுகவனிதையர் கிளினிக்குகளில் இப்பரிசோதனை இலவசம். ஆனால், ஆண் ஓமோனுக்கு உடல் இணங்காத பிறவி நிலை உள்ளவர்களுக்குக் கருப்பை இருக்காது. அவர்களுக்கு இது தேவையில்லை.

போகும்போது கவனிக்க வேண்டியவை:

குழந்தைப் பருவத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். யோனிவழி ஒடுங்கியிருக்கலாம், சிறிய கருவி கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் உள்பரிசோதனை அவசியமில்லை. ஓமோன் அளவை இரத்தத்திலும், கருப்பையையும் சூலகங்களையும் வயிற்றின் மேலான ஸ்கேனிலும் பார்க்கலாம்.

ஸ்டீரொயிட் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சத்திரசிகிச்சை என்றால் அளவைக் கூட்ட வேண்டிவரும்.

சிங்களம் தடுமாறினால், நோயின் பெயரையும் மருந்துகளையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவித்துக் காட்டுங்கள்.

துணைக்கு ஒருவரை வைத்திருக்கவும், மாணவர்கள் வேண்டாமெனச் சொல்லவும் உரிமை உண்டு.

மூன்று வருடம் கழித்துப் போனேன். "நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன்" என்றார் வைத்தியர். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.